எட்டு பழனி உயரம்

வடக்குப்பட்டில் யார் வீட்டு விசேஷத்துக்கும் பெருந்தேவிக்கு முதல் அழைப்பு உண்டு. பந்தி பரிமாறுவாள், பூ கட்டுவாள், சம்பந்தி வீட்டில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் நைசாகப் பேசிச் சமாதானப்படுத்துவாள். ஆனால் அவள் கையில் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்ல மட்டும் யாருக்கும் தைரியம் வராது. படம் மோசமாக வரும் என்பதால் இல்லை. ஸ்டுடியோக்காரன் பிச்சை வாங்க வேண்டும், அப்படி வரும். குத்துவிளக்கின் திரி வரும், மேடை அலங்காரத்தில் ஒவ்வொரு பூவும் வரும், வாசல் வாழைமரம் தாரோடு வரும். மாப்பிள்ளையும் பெண்ணும்தான் வர மாட்டார்கள்.

"குறுக்க வந்து நின்னுக்கினு இருந்தாங்க. தள்ளச் சொன்னேன்" என்பாள்.

அது பிறவிக் குணம் இல்லை, தொழில் கொடுத்த குணம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் செய்கிற கம்பெனிகளில் இருபது வருஷத்துக்குப் பக்கமாக அவள் வேலை பார்க்கிறாள். எல்லாம் கேமரா டெஸ்ட் லைன்தான். தலைக்குத் தொப்பி, மேலே கோட்டு, சொந்தப் போன் வாசல் லாக்கரில். புதுசாகச் செய்த போனை ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். எதிரே கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட அட்டை இருக்கும். போன் தானாகவே அந்த அட்டையைப் படம் எடுக்கும். பெருந்தேவி திரையைப் பார்த்து பாஸ் என்பாள், இல்லாவிட்டால் ரிஜெக்ட் என்பாள். மூலையில் ஊசிமுனை அளவு புள்ளி தெரிந்தாலும் ரிஜெக்ட். கோட்டுக் கை படத்துக்குள் விழுந்துவிட்டால் அதுவும் ரிஜெக்ட். இப்போது அவள் லைன் லீடர். தெற்கே இருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை கற்கும் பெண்களுக்கு அவள் சொல்லும் முதல் பாடமே "ஃப்ரேமுக்குள்ள ஆள் வரக் கூடாது" என்பதுதான்.

இப்படிப் புள்ளிக்குக்கூட இடம் கொடுக்காத ஒருத்திக்கு எப்படிப்பட்ட புருஷன் வாய்க்க வேண்டும்? பழனிவேல் வாய்த்தான். ஊரிலேயே பெரிய பீலாக்காரன், வாயைத் திறந்தால் புளுகு.

பழனிவேல் ஒரகடத்திலிருந்து புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் டிரெய்லர் ஓட்டுகிறான். போனால் வாரக்கணக்கில் வர மாட்டான். வந்தால் குளித்துவிட்டு நேராகச் சமையற்கட்டு வாசலில் குந்திக்கொள்வான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள், அவன் அளந்துகொண்டிருப்பான். நாக்பூரில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு போனதாகச் சொல்வான். புனே பக்கம் ஒரு மலையில் விழுகிற தண்ணியைக் காற்று அடித்து மேலேயே திருப்பி அனுப்புகிறது என்பான். எது நிஜம், எது பீலா என்று பெருந்தேவி கேட்டதே இல்லை. பகல் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கோடுகளையே பார்த்துவிட்டு வருகிறவளுக்கு அந்தப் பேச்சு அவ்வளவு பிடிக்கும். வாலாஜாபாத்தில் பிறந்து வடக்குப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள் அவள். ஆரஞ்சு அளவு கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும், அவள் பார்த்த தேசமெல்லாம் அவன் வாயால் பார்த்ததுதான்.

அந்தப் பேச்சு நின்றது ஒரு காதுகுத்தில்.

பழனிவேலின் அக்கா மீனம்மாள் அதே தெருவில் இருக்கிறாள். அவள் பேரனுக்கு மண்டபத்தில் காதுகுத்து. சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பழனிவேல் ஆரம்பித்தான்.

"அக்கா, இந்த தபா ராஜஸ்தான்ல ஒரு கல்லு பாத்தேன். பாலைவனத்துல தனியா நிக்குது. அஞ்சு மாடி இருக்கும். ஆனா அது குந்திக்கினு கீற எடம் இன்னா தெரியுமா? இந்த அண்டா அகலம்தான். மேல வூடு மாதிரி பெருசு, கீழ சின்ன காலு. எவனும் செதுக்கல, தானா நிக்குது!"

"ஏன்டா, போன தபா தண்ணி மேல போவுதுன்ன. இப்ப கல்லா?" என்றாள் மீனம்மாள்.

"சத்தியமா அக்கா."

மீனம்மாளின் மருமகன் உதயசூரியன் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் சூப்பர்வைசர். எதற்கும் ஆதாரம் கேட்டே பழகியவன். "மாமா, போட்டோ கீதா?" என்றான்.

பழனிவேல் பெருமையாகப் போனை நீட்டினான். ஓடுகிற வண்டியில் இருந்து கண்ணாடி வழியாக எடுத்த படம். பாதிக்குப் புழுதி. நடுவில் கண்ணாடியில் அடிபட்டுச் செத்த ஒரு பூச்சி. அதற்குப் பக்கத்தில் பழுப்பாக ஏதோ ஒன்று.

"மாமா, இதுல எது கல்லு, எது பூச்சி?"

மண்டபமே சிரித்தது. பெருந்தேவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்துவதற்குள் பழனிவேல் திரும்பிப் பார்த்துவிட்டான்.

அதற்கப்புறம் அவன் வண்டி போய்விட்டு வரும், அவன் குளிப்பான், சாப்பிடுவான், படுத்துக்கொள்வான். "இன்னா மாமா, இந்த தபா எங்க போன?" என்று அவளே வாயைப் பிடுங்கினால் "குஜராத்து" என்பான். அவ்வளவுதான். முன்பெல்லாம் குஜராத் என்றால் இரண்டு வேளைச் சமையல் முடியும் வரை ஓடும். காலேஜ் படிக்கிற மகள் சௌந்தர்யாகூட "அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லயாம்மா?" என்று கேட்டாள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று பெருந்தேவிக்குத் தெரியும். அக்கா சிரித்தது, மருமகன் சிரித்தது எல்லாம் அவனுக்குப் பழக்கம்தான். இவள் சிரித்ததுதான் உள்ளே போய்விட்டது. சமையற்கட்டு வாசல் காலியாகக் கிடப்பதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. அவன் பேச்சு அவளுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு ஒரே வழி, அந்தக் கல்லைப் படம் எடுத்து வந்து மீனம்மாள் மூக்குக்கு நேரே நீட்டுவது. போனில் படம் நன்றாக விழுகிறதா இல்லையா என்று சொல்ல இந்த ஜில்லாவிலேயே தன்னைவிட்டால் ஆள் இல்லை என்பது அவள் அபிப்பிராயம்.

"அடுத்த தபா அந்தப் பக்கம் லோடு வந்தா நானும் வரேன்" என்றாள்.

"இன்னாமே, வெளாடுறியா? எத்தினி நாள் தெரியுமா?"

"தெரியும். லீவு போட்டுட்டேன்."

அவளாவது, லீவு போடுவதாவது! அவள் வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் கம்பெனியில் முதலில் நினைத்தார்கள். டிரெய்லர் ஓனர் கண்டும் காணாமல் இருந்துகொண்டார். சௌந்தர்யாவை அத்தை வீட்டில் விட்டுவிட்டு, புளிச்சோறும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக்கொண்டு பெருந்தேவி வண்டி ஏறினாள்.

பெங்களூரு போயிற்று, புனே போயிற்று. பழனிவேல் பேசவில்லை. "டீ குடிக்கிறியா", "கால நீட்டிக்கோ", "அது சுங்கச்சாவடி" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அகமதாபாத் தாண்டியதும் மண் நிறம் மாறியது. மரம் குறைந்தது. ராஜஸ்தானுக்குள் பார்மேர் பக்கம் போகும் ரோட்டில் ஓர் இடத்தில் வண்டியை ஓரம் கட்டினான். அங்கிருந்து மணலில் நடக்க வேண்டும் என்றான். நடந்தார்கள். முள் செடிகளும் ஆட்டுப் புழுக்கையுமாக ஒரு பாதை மேடேறி இறங்கியது. இறங்கியதும் அந்தக் கல் நின்றது.

பெருந்தேவி வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள். அவன் சொன்னது அத்தனையும் நிஜம். சிவப்பும் பழுப்புமாக ஒரு பெரிய பாறை, வயிறு பெருத்து, கீழே ஒடுங்கி, ஒரு சின்னக் காலில் குந்திக்கொண்டிருந்தது. அண்டா அகலம் என்பதுதான் கொஞ்சம் பீலா. நாலு அண்டா அகலம் இருக்கும். சுற்றிலும் சின்னதும் பெரியதுமாக இன்னும் பல. ஒன்றில் காற்று ஜன்னல் மாதிரி ஓட்டை போட்டிருந்தது. ஒன்று பொங்கி வழிந்த பால் அப்படியே காய்ந்துவிட்டது போல இருந்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்ததால் ஒவ்வொன்றுக்கும் நீளமாக நிழல்.

"பாத்தியாமே? நான் சொன்னேன்ல? நான் சொன்னேனா இல்லியா?"

காதுகுத்துக்கு அப்புறம் அவன் சேர்ந்தாற்போல் பேசியது அப்போதுதான். பேசிக்கொண்டே ஓடிப் போய்க் கல்லுக்கு அடியில் நின்றான். நுனிக்காலில் எம்பி, கையைத் தூக்கி, கல்லின் வயிற்றைத் தொடப் பார்த்தான். எட்டவில்லை. "பாரு, கை கூட எட்டல பாரு!" என்று கத்தினான். பெருந்தேவி வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரு படம் எடுத்தாள். அவன் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

"மாமா, நீ கொஞ்சம் தள்ளு. ஃப்ரேம்ல வர்ற."

அவன் தள்ளி நின்றான். அந்தப் படத்தை அழித்தாள். பிறகு நிதானமாக வேலையை ஆரம்பித்தாள். முன்னால் இருந்து எடுத்தாள், பக்கவாட்டில் இருந்து எடுத்தாள், மணலில் முழங்கை ஊன்றிப் படுத்து எடுத்தாள். ஆட்டு மந்தை ஒன்று வந்தது. அது போகிற வரை காத்திருந்தாள். மேய்க்கிறவன் நின்று வேடிக்கை பார்த்தான், அவனையும் கையைக் காட்டித் தள்ளச் சொன்னாள். பழனிவேல் எங்கே போய் நின்றாலும் "மாமா, நிழல் வுழுது", "மாமா, இன்னும் தள்ளு" என்று விரட்டினாள். அவன் போய் ஆட்டுக்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். இவன் தமிழில் பேச, அவன் அவன் பாஷையில் பேச, ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்களோ, பெருந்தேவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு புள்ளி, ஒரு கலங்கல் இல்லாமல் படங்கள் சேர்ந்துகொண்டிருந்தன.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை மீனம்மாள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். உதயசூரியன் போனை டிவியில் இணைத்தான். டீக்கடை கோபால்கூடக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். பழனிவேல் புதுச் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். வரும் வழியெல்லாம் அவன் நன்றாகவே பேசிக்கொண்டு வந்திருந்தான். அதனால் காரியம் முடிந்தது என்றே பெருந்தேவி நம்பினாள்.

முதல் படம் வந்தது. கல்லின் மேல் ஒவ்வொரு வரியும், மணலில் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது.

இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது.

"படம் சோக்கா கீது" என்றான் கோபால். "ஆனா பழனிண்ணா, அஞ்சு மாடின்னியே, அந்தக் கல்லு எங்க?"

"இதாம்பா அது."

"இதுவா? இது கையில எடுத்துப் பாக்கற கல்லாட்டம் இல்ல கீது?"

"எங்க வூட்டு மீன் தொட்டில இதே மாரி போட்டு வெச்சிக்கிறோம்" என்றாள் மீனம்மாள். "இதுக்காடா அவ்ளோ தூரம் பொண்டாட்டிய இஸ்துக்கினு போன? குவாரில போய்க் குனிஞ்சு எடுத்தா இதான்!"

பெருந்தேவிக்குக் காது சுட்டது. "இல்ல அண்ணி, நெசமாவே பெருசு, நானே பாத்தேன்" என்றாள். அதற்குள் சிரிப்பு கிளம்பிவிட்டது. உதயசூரியன் மட்டும் அடுத்த படம், அடுத்த படம் என்று தள்ளிக்கொண்டே போனான். அத்தனையிலும் கல், மணல், வானம். வேறு ஒன்றும் இல்லை. "பீலா வுட அண்ணியயும் கூட சேத்துக்கினியாண்ணா?" என்றான் கோபால். பழனிவேல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த லோடுக்கு ஒரு நாள் முன்னதாகவே கிளம்பியும் போய்விட்டான்.

தன்னால் கெட்டது போதாதென்று, தன்னாலேயே மறுபடியும் கெட்டுவிட்டது என்று பெருந்தேவி புழுங்கினாள். படங்களை எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஒரு குறையும் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

விடை லைனில் கிடைத்தது. இசக்கிசெல்வி என்று ஒரு பெண், சாத்தான்குளம் பக்கத்துக்காரி, வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. ஒரு போன் கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தது. அப்படி ஏதாவது பழுது கண்டால் அதை கம்பெனி கேமராவில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இசக்கிசெல்வி எடுத்துக்கொண்டு வந்தாள். திரை முழுக்க ஒரே ஒரு கோடு.

பெருந்தேவி சீறினாள். "பக்கத்துல ஸ்கேல் வெச்சியா? எத்தினி தபா சொல்லிக்கீறேன்? ஸ்கேல் இல்லாம எடுத்தா இது கீறலா, பாலாறா, எனக்கு எப்டி தெரியும்?"

"மறந்துட்டேம்க்கா. இப்பமே வச்சு எடுத்துட்டு வாரேன்" என்று அந்தப் பெண் திரும்பினாள்.

பெருந்தேவி நின்ற இடத்திலேயே நின்றாள். ஸ்கேல் இல்லாமல் எடுத்தால் பெரிசா சின்னதா என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பாலைவனத்தில் அவளிடம் ஒரு ஸ்கேல் இருந்தது. பேசுகிற ஸ்கேல். அதைத்தான் "தள்ளு, தள்ளு" என்று மணல் முழுக்க விரட்டினாள். கூடவே ஆட்டையும், ஆட்டுக்காரனையும், சுற்றி இருந்த முள் செடியைக்கூட விட்டுவைக்காமல் ஒதுக்கினாள்.

"யக்கா, என்னாச்சு?" என்றாள் இசக்கிசெல்வி.

"ஒண்ணுமில்லம்மா. நீ போய் ஸ்கேல் வெச்சு எடு."

ஷிஃப்ட் முடிகிறவரை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. லாக்கரைத் திறந்து போனை எடுத்தவள் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே தேட ஆரம்பித்தாள். அழித்த படங்கள் ஒரு மாதம் போனின் குப்பைப் பெட்டியில் கிடக்கும், பிறகு தானாகப் போய்விடும். இந்தச் சமாசாரம் மற்றவர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். போயிருக்குமோ என்று ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். போகவில்லை. இன்னும் சில நாளில் போக இருந்தது.

வெளிச்சம் பார்க்க எடுத்த அந்த முதல் படம். வானத்தை மறைத்துக்கொண்டு கல் நிற்கிறது. அதற்கு அடியில், சுண்டுவிரல் நுனி அளவுக்குப் பழனிவேல். எம்பி நிற்கிறான், கை எட்டவில்லை. பெரிதாக்கிப் பார்த்தாள். தோளில் சிவப்புத் துண்டு, அகலமாகத் திறந்த வாய். "நான் சொன்னேனா இல்லியா" என்று அவன் கேட்டுக்கொண்டிருந்த நேரம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, வெளிச்சத்தைத்தான் பார்த்தாள். அந்த முகத்தை ரிஜெக்ட் செய்திருக்கிறாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் பெருந்தேவி அழுதாள்.

வாலாஜாபாத்தில் ஒரு ஸ்டுடியோவில் அதைக் கதவு உயரத்துக்குப் பிரிண்ட் போட்டாள். ஸ்டுடியோக்காரர் "ஆள் சின்னதா கீறாரும்மா, அவர கட் பண்ணிட்டு கல்ல மட்டும் பெருசாக்கவா?" என்று கேட்டார். அவர் அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

பழனிவேல் வண்டி திரும்பிய அன்று மாலையே மீனம்மாள், உதயசூரியன், கோபால் எல்லோரையும் வீட்டுக்கு வரச் சொன்னாள். படம் கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்தது. குளித்துவிட்டு வந்த பழனிவேல் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கையில் துண்டோடு அப்படியே சமையற்கட்டு வாசலில் குந்திக்கொண்டான்.

வந்தவர்கள் படத்துக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சௌந்தர்யாதான் "அய்ய, கீழ பாருங்க, அப்பா!" என்று விரலை வைத்துக் காட்டினாள். மீனம்மாள் குனிந்து பார்த்தாள். பிறகு தலையை மெதுவாகத் தூக்கிக் கல்லின் உச்சி வரை பார்த்தாள்.

"அடி ஆத்தாடி" என்றாள்.

உதயசூரியன் ஆதாரத்தை விடுவானா? விரலால் படத்தில் இருந்த பழனிவேலை அளந்து, அதே அளவை மேலே மேலே வைத்துக்கொண்டு போனான். "ஒரு மாமா, ரெண்டு மாமா, மூணு மாமா..." உச்சிக்கு அவன் எம்ப வேண்டியிருந்தது. "எட்டு மாமா!"

"எட்டு பழனி ஒசரமா?" என்று கோபால் வாயைப் பிளந்தான்.

"சரி, எட்டு மாமான்னா எத்தினி மாடி வருது?" என்று உதயசூரியன் கணக்குப் போட ஆரம்பித்தான். பிறகு சட்டென்று பெருந்தேவி பக்கம் திரும்பினான். "அத்த, நீங்க நேர்ல பாத்தீங்கல்ல? அஞ்சு மாடி இருக்குமா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஊசிமுனைப் புள்ளிக்குக்கூட இடம் கொடுக்காதவள் என்று ஊருக்கே தெரியும். அவள் சொன்னால் சரியாக இருக்கும். நாலு மாடிதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த மணலிலேயே தெரியும். வாசலில் குந்தியிருந்த பழனிவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அஞ்சு மாடி" என்றாள் பெருந்தேவி. "சரியா அஞ்சு."

இருபது வருஷத்தில் பழுது என்று தெரிந்தே அவள் பாஸ் போட்ட ஒரே பீஸ் அதுதான்.

பழனிவேல் தலையைத் தூக்கினான். தொண்டையைச் செருமிக்கொண்டான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு அடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

"அது இன்னா தெரியுமா அக்கா," என்றான், "காத்து அடிச்சா அந்தக் கல்லு லேசா ஆடும்."

அவள் பார்த்தபோது கல் ஆடவில்லை. பெருந்தேவி எழுந்து போய், எல்லோருக்கும் இன்னொரு டீக்குத் தண்ணீர் வைத்தாள்.